கைக்கடிகாரமும் தோல்வாரும்

மனிதன் தன் உடலில் அணியும் பொருள்கள் இருவகையின. ஒன்று அணிகலன், மற்றையது கருவி. காதணியும் கணையாழியும் முதல்வகையைச் சார்ந்தன. மூக்குக்கண்ணாடியும் ஊன்றுகோலும் இரண்டாம் வகையின. இவ்விரு வகையிலும் ஒருங்கே இடம்பெறத்தக்க பொருள்கள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது கைக்கடிகாரம். அது நேரத்தைக் காட்டுகின்றது. கூடவே தன்னை அணிந்திருப்பவரின் சுவையையும் காட்டிவிடுகின்றது. அதனை மணிக்கட்டோடு பிணைத்து நிற்கும் தோல்வாரோ பலருடைய கவனத்துக்கு வருவதேயில்லை. ஆயினும், தோல்வார் என்ற எளிய பொருள் இல்லாதிருந்தால் ஆடவர் கையில் கடிகாரம் ஏறியிருக்குமோ என்பது ஐயமே. அந்த வரலாற்றைத்தான் நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நேரத்தை அளந்தறியும் வேட்கை பழமையானது. நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இன்றைய கணக்கில் 24 நிமிடம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, பகைமேற் சென்ற அரசனின் பாசறையைப் புனைந்துரைக்குமிடத்து, நீர்க் கடிகையைக் கொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கரையும் காட்டுகின்றது. போர்க்களத்தில் நேரத்தை அறிந்திருத்தல் இன்றியமையாதது என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர். இச்செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். ஏனெனில், பல நூற்றாண்டுகளின் பின்னர், வேறொரு கண்டத்தில், அதே தேவைதான் கடிகாரத்தை மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது.

மேனாட்டில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சுருள்வில்லால் இயங்கும் சிறு கடிகாரங்கள் தோன்றின. ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரத்துப் பீற்றர் ஹென்லைன் என்பவர் அவற்றைச் செய்தோருள் புகழ்பெற்றவர். எடையிட்டுத் தொங்கவிட்ட பெருங் கடிகாரம் அசையாத சுவரை வேண்டி நின்றது. சுருள்வில் வந்த பின்னரே கடிகாரம் மனிதனோடு நடக்கலாயிற்று. ஆயினும் அக்காலக் கடிகாரங்கள் நாளொன்றுக்குப் பல நிமிடம் பிழைத்தன. 1675இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ், மயிரிழை போன்ற சுருளொன்றைச் சமநிலைச் சக்கரத்தோடு இணைக்கும் முறையை வெளியிட்டார். அதன் பின்னரே சிறு கடிகாரத்தில் நிமிட முள் பொருள்பெற்றது எனலாம்.

கையில் அணியும் கடிகாரம் முதலில் மகளிர்க்கே உரியதாயிருந்தது. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியாருக்கு லெஸ்ரர்ப் பிரபு றொபேட் டட்லி 1571-72 அளவில் புத்தாண்டுப் பரிசாகக் கடிகாரம் பதித்த கைவளையொன்றை வழங்கினார். நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் நாட்டு அரசியுமாகிய கரோலின் மூரா, பாரிஸ் நகரில் வாழ்ந்த பெருங் கலைஞர் பிரெகேயிடம் 1810இல் ஒரு கடிகாரத்தைச் செய்யுமாறு பணித்தார். அது 1812இல் நிறைவெய்தியது. நீள்வட்ட வடிவினதாகிய அக்கடிகாரத்தைத் தாங்கிய பட்டி எதனாற் செய்யப்பட்டது தெரியுமோ? மயிரோடு பொன்னிழை சேர்த்துப் பின்னப்பட்டது அது. அக்கடிகாரம் இன்று எங்குள்ளதென்பது தெரியவில்லை. அதைச் செய்த தொழிலகத்தின் பதிவேடுகளே அதன் இருப்புக்குச் சான்று. 1868இல் ஜெனீவாவின் பாத்தெக் பிலிப் நிறுவனத்தார் ஹங்கேரி நாட்டுச் சீமாட்டி ஒருவருக்காகப் பொற்காப்பிற் பதித்த கடிகாரமொன்றைச் செய்தனர். இவை யாவும் நகையின் மரபில் வந்தவை. பொன்னும் மணியும் முன்னிற்க, நேரம் பின்னிற்கும் பொருள்கள் இவை.

இவ்விடத்தில், கடிகாரம் என்றவுடன் சுவிற்சர்லாந்து ஏன் நினைவுக்கு வருகின்றது என்ற வினா எழலாம். விடை வியப்புக்குரியது. 1541இல் ஜெனீவாவுக்குத் திரும்பிய சமயச் சீர்திருத்தவாதி கல்வின், ஆடம்பர அணிகலன்களுக்குத் தடை விதித்தார். பொற்கொல்லர் தொழிலிழக்கும் நிலை எய்தினர். நகை அணிதல் பாவம். நேரத்தை அறிதலோ கடமை. ஆகவே அவர்தம் கை நுட்பம் கடிகாரத் தொழிலின்பாற் திரும்பியது. பிரான்சில் சமயக் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த புரட்டஸ்தாந்துக் கைவினைஞரும் அவர்களோடு சேர்ந்தனர். 1601இல் ஜெனீவாவிலே கடிகாரத் தொழிலாளர் கழகம் அமைந்தது. பின்னர் ஜூரா மலைப் பள்ளத்தாக்குகளில், பனிமூடிய மாரிகாலத்தில் வயல்வேலை இன்றி வீட்டிலிருந்த குடியானவர்கள் சன்னலோரத்தில் அமர்ந்து சக்கரங்களையும் திருகாணிகளையும் அராவினர். ஆடம்பரத்தைத் தடுக்கப் பிறந்த சட்டமொன்று, உலகின் மிகச் சிறந்த ஆடம்பரத் தொழில்களுள் ஒன்றுக்கு வழிவகுத்தது. வரலாறு இவ்வாறுதான் நம்மோடு விளையாடுகின்றது.

19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஆடவர் கடிகாரத்தைச் சங்கிலியிற் கோத்துச் சட்டைப்பையில் வைத்தனர். கையில் கட்டுதல் பெண்டிர் செயல் என எள்ளி நகைத்தனர். தூசும் வியர்வையும் அதிர்ச்சியும் அதனைக் கெடுத்துவிடும் எனக் கடிகாரக் கம்மியரும் அஞ்சினர். இந்த எண்ணத்தை மாற்றியது நாகரிகச் சுவையன்று, போர். 1885இல் நிகழ்ந்த பர்மியப் போரிலும், 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நிகழ்ந்த போவர்ப் போரிலும் பிரித்தானியப் படை அலுவலர்கள் தம் சட்டைப்பைக் கடிகாரத்தை ஒரு சிறு தோற்கிண்ணத்தில் வைத்து, அக்கிண்ணத்தோடு தைத்த வாரினால் மணிக்கட்டிற் கட்டிக்கொண்டனர். ஒரு கையிற் கடிவாளமும் மறுகையில் துப்பாக்கியும் ஏந்தியவன் சட்டைப்பையைத் துழாவ முடியுமோ? குதிரைச் சேணம் தைத்தவர்கள் செய்துதந்த இந்தத் தோற்கிண்ணமே இன்றைய தோல்வாரின் மூதாதை. அது நகைக்கடையிலே பிறக்கவில்லை. குதிரை லாயத்தின் அருகிலே பிறந்தது.

அடுத்த அடி வானிலிருந்து வந்தது. பாரிசில் வாழ்ந்த பிரேசில் நாட்டு வானோடி அல்பேட்டோ சந்தோஸ் துமோன், வானூர்தியைச் செலுத்தும்போது கைகளை விடுவித்துக் கடிகாரத்தை எடுத்துப் பார்க்க இயலாமையைத் தம் நண்பர் லூயி கார்ட்டியேயிடம் முறையிட்டார். 1904இல் கார்ட்டியே அவருக்காகச் சதுர முகமுடைய கைக்கடிகாரம் ஒன்றை அமைத்தார். கூட்டின் கொம்புகள் தோல்வாரை நோக்கி ஒழுகிச் செல்லுமாறு வரையப்பட்டமை அதன் சிறப்பு. அதுவரை கடிகாரம் வேறு, வார் வேறு. இங்கே கடிகாரமும் வாரும் ஒரே வடிவத்தின் இரு பகுதிகளாயின. 1911 முதல் அது பொதுமக்களுக்கும் விற்கப்பட்டது.

1914இல் மூண்ட முதலாம் உலகப் போர் எஞ்சியிருந்த ஐயத்தைப் போக்கிற்று. பதுங்குகுழிப் போரில் பீரங்கிக் குண்டுமாரி, குறித்த நிமிடத்துக்கு ஒருமுறை முன்னோக்கி நகரும்; காலாட்படை அதன் பின்னே அடியெடுத்து வைக்க வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் தன் படையின் குண்டுக்கே இரையாதல் கூடும். பிந்தினால் பகைவன் தலைதூக்கி விடுவான். 1916 யூலை 1ஆம் நாள் காலை 7.30 மணிக்கு சொம் ஆற்றுப் போர்முனையில் படைகள் எழுந்தது, முன்னரே நேரம் ஒப்பிட்டுச் சரிசெய்த கடிகாரங்களைப் பார்த்தே. நாழிகைக் கணக்கர் அரசனுக்கு உரைத்த பொழுதை இப்போது ஒவ்வோர் அலுவலரும் தம் மணிக்கட்டில் தாமே சுமந்தனர். போர் முடிந்து வீடு திரும்பியவரின் கையில் கிடந்த கடிகாரத்தைப் பார்த்து நகைக்க எவருக்கும் துணிவு வரவில்லை. அப்போரின் கவச ஊர்தியை மேலிருந்து நோக்கிய வடிவத்தைத் தழுவி 1917இல் கார்ட்டியே வரைந்த 'ராங்க்' என்னும் நீள்சதுரக் கடிகாரம் இன்றும் விருந்து மண்டபங்களில் அணியப்படுகின்றது. அதன் பிறப்பிடம் போர்க்களம் என்பதை அணிவோர் பலர் நினைப்பதில்லை.

இருளில் முட்கள் ஒளிர வேண்டுமென்று முகப்பிலே இரேடியம் கலந்த சாயம் பூசப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஒரேஞ்சு நகரிலும் பிற இடங்களிலும் இளம் பெண்கள் இப்பணியில் அமர்த்தப்பட்டனர். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. சாயம் தீங்கற்றது என்றும் கூறப்பட்டது. நாளடைவில் அவர்களது பற்கள் உதிர்ந்தன, தாடை எலும்பு அழுகிற்று, பலர் மாண்டனர். அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் இணக்கத்தில் முடிந்தது. தொழிலாளர் உடல்நலம் பற்றிய சட்டங்கள் வலுப்பெறுவதற்கு அவர்களது துயர் காரணமாயிற்று. பழங் கடிகாரம் சேர்ப்போர் இதனை அறிந்திருத்தல் நன்று. அம்முகப்புகளின் ஒளி எப்போதோ அணைந்துவிட்டது; இரேடியத்தின் கதிர்வீச்சோ பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 1,600 ஆண்டு செல்லும்.

கைக்கடிகாரத்துக்கு நன்மதிப்புத் தேடித் தந்தவருள் ஹான்ஸ் வில்ஸ்டோர்ப் என்பாரைக் குறிப்பிடாது விட முடியாது. 1881இல் ஜேர்மனியின் பவேரியாவிற் பிறந்து, இளமையிலே பெற்றோரை இழந்த அவர், 1905இல் இலண்டனிலே கடிகார வணிகம் தொடங்கினார். 1908இல் 'றோலெக்ஸ்' என்னும் பெயரைப் பதிவு செய்தார். சிறிய கடிகாரம் துல்லியமாயிராது என்ற கூற்றைப் பொய்யாக்குவதே அவர் நோக்கம். 1914இல் அவரது சிறு கைக்கடிகாரமொன்று, கப்பற் கடிகாரங்களைச் சோதிக்கும் கியூ ஆய்வுநிலையத்தின் முதல்தரச் சான்றிதழைப் பெற்றது. நீர் புகாத கூட்டை அவர் 1926இல் வெளியிட்டார். 1927 ஒக்டோபரில் மேர்சிடீஸ் கிளைற்ஸ் என்னும் இளம்பெண் ஆங்கிலக் கால்வாயை மீண்டும் நீந்த முயன்றபோது அக்கடிகாரத்தை அணிந்திருந்தார். குளிர் தாங்காது பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட நீச்சலின் பின் அவர் நீரிலிருந்து தூக்கப்பட்டார், கடிகாரமோ ஓடிக்கொண்டிருந்தது. அச்செய்தி நாளிதழின் முதற்பக்க விளம்பரமாயிற்று.

இந்திய மண்ணுக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. அங்கு போலோ ஆடிய பிரித்தானிய அலுவலர்களின் கடிகாரக் கண்ணாடிகள் ஆட்டத்தில் உடைந்தன. அதற்குத் தீர்வாக 1931இல் பிரான்சிற் காப்புரிமை பெற்று வெளிவந்ததே 'றிவேர்சோ'. முகப்பை உட்புறமாகப் புரட்டி, உலோக முதுகை வெளியே காட்டிக்கொள்ளும் கடிகாரம் அது. ஆடுகளத்துக்காகப் பிறந்த அது, கறுப்புத் தோல்வாரோடு இன்று மாலை உடைக்குரிய கடிகாரமாக மதிக்கப்படுகின்றது.

இனி, தோலின் வரலாற்றுக்கு வருவோம். பச்சைத்தோல் சில நாளில் அழுகிவிடும். மரப்பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் இழைகளோடு கலந்து பிணைந்தால் அழுகல் நின்று, தோல் உறுதியும் நெகிழ்ச்சியும் பெறும். ஐரோப்பியர் இதற்கு ஓக்கு மரப்பட்டையைப் பயன்படுத்தினர். தமிழகத்திலோ ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. ஆவாரம்பட்டையாற் பதனிட்ட மென்னிறத் தோல் சென்னைத் துறைமுகத்தின் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்று 'கிழக்கிந்தியத் தோல்' எனப் பெயர்பெற்றது. முதலாம் உலகப் போரின்போது இராணுவச் சப்பாத்துகளின் மேற்றோலுக்கு அது பெருமளவில் வேண்டப்பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் இத்தொழிலால் வளர்ந்தன. 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே குரோமிய உப்பினாற் பதனிடும் புதுமுறை தோன்றியது. பல வாரங்கள் வேண்டிய வேலை சில நாளில் முடிந்தது. அத்தோல் நீரையும் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும், நிறமும் மாறாதிருக்கும்.

கடிகார வாருக்குப் பெரிதும் பயன்படுவது கன்றுத்தோல். அதன் மேற்பரப்பு மழமழப்பானது. மடிந்தாலும் எளிதில் வெடிப்பதில்லை. அமெரிக்க முதலையின் வயிற்றுத்தோல் சதுரச் செதில்களோடு விளங்குவதால் விலையுயர்ந்த மெல்லிய கடிகாரங்களுக்கு உரியதாயிற்று. ஸ்பானிய நகரமாகிய கோர்டோபாவின் பெயரைத் தாங்கிய 'கோர்டோவன்' என்பது குதிரையின் பின்தொடைப் பகுதியிற் தோலின் உள்ளே அமைந்த அடர்ந்த இழைப்படலம். அது மரப்பட்டைச் சாறுகளிற் பல மாதங்கள் ஊறிப் பதனாவது. மடியும் இடத்தில் சுருக்கம் விழாது அலைபோல் உருள்வது அதன் அழகு. பட்டையாற் பதனிட்ட தோலுக்குத் தனியான ஓர் இயல்பு உண்டு. வெயிலும் கையின் எண்ணெய்ப் பசையும் பட்டு, வைக்கோல் நிறத்திலிருந்து தேன் நிறத்துக்கும், தேன் நிறத்திலிருந்து புளியங்கொட்டை நிறத்துக்கும் அது மாறிச்செல்லும். ஒரே நாளில் வாங்கிய இரு வார்கள், இருவர் கையில் ஓராண்டு கிடந்த பின் ஒத்திருப்பதில்லை.

கடிகாரத்துக்கேற்ற வாரைத் தெரிதல் ஒரு சிறு கலை. அதன் விதிகள் பெரும்பாலும் வரலாற்றிலிருந்தே வந்தவை. மெல்லிய பொற்கூட்டுக் கடிகாரத்துக்கு மெல்லிய கறுப்பு வார் பொருந்தும். கறுப்பு உடையும் கறுப்புச் சப்பாத்தும் அணியும் மாலை விருந்து மரபிலிருந்து வந்த விதி அது. படைக் கடிகாரத்தின் வழியில் வந்த எஃகுக் கூட்டுக்கு மண்ணிறக் கன்றுத்தோல் தகும்; சேணத்தின் நிறம் அது. சப்பாத்து, இடைவார், கடிகார வார் ஆகிய மூன்றும் ஒரே நிறச் சாயலில் அமைதல் நன்று என்பது பழைய கொள்கை. வாரின் அகலம் கூட்டின் விட்டத்திற் பாதியளவாக இருப்பின் கண்ணுக்கு இதமாகும். 18 அல்லது 20 மில்லிமீற்றர் அகலத்திற் தொடங்கி, கொளுவியை அணுகும்போது சற்றே ஒடுங்குமாயின் கை மெலிந்து தோன்றும். பருத்த கடிகாரத்துக்கு மெல்லிய வாரைப் பூட்டுதல், பெரிய கோபுரத்துக்குச் சிறிய வாயில் வைத்தாற்போல் ஆகும். கடலில் மூழ்குவோர் அணியும் கடிகாரத்துக்குத் தோல் ஏற்றதன்று. நீர் தோலுக்குப் பகை.

நம் நாட்டு வெம்மையில் தோல்வார் அணிவோர் இன்னும் சில கூறுகளைக் கவனித்தல் வேண்டும். வியர்வையிலுள்ள உப்புத் தோலை உள்ளிருந்தே அரிக்கின்றது. ஆகவே வாரை இறுகக் கட்டாது, ஒரு சிறுவிரல் நுழையுமளவு தளர்த்திக் கட்டுதல் நன்று. மாலையில் கழற்றியதும் உலர்ந்த துணியால் உட்புறத்தைத் துடைத்து, காற்றாட வைக்க வேண்டும். வெயிலிற் காயவைத்தல் ஆகாது. இரண்டு வார்களை வைத்திருந்து மாறிமாறிப் பூட்டுவோருக்கு இரண்டும் நெடுநாள் உழைக்கும். கூட்டின் கொம்புகளுக்கிடையே வாரைத் தாங்கும் வில்வைத்த மெல்லிய ஊசியே முழுக் கடிகாரத்தையும் காக்கின்றது. பல ஆயிரம் ரூபாய் பெறுமதியான பொருளொன்று சில ரூபாய் பெறும் ஊசியை நம்பித் தொங்குகின்றதென்பதை மறத்தல் கூடாது. வாரை மாற்றும்போது பழைய ஊசியையும் மாற்றிவிடுவது அறிவுடைமை.

இவ்வாறு வளர்ந்த தொழிலுக்கு 1969இல் பேரிடி விழுந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 25ஆம் நாள் யப்பானின் செய்க்கோ நிறுவனத்தார், படிகக்கல்லின் அதிர்வினால் இயங்கும் முதலாவது கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டனர். தொடக்கத்தில் அதன் விலை 450,000 யென். ஆனால் அது மாதத்துக்கு ஐந்து வினாடிக்கு மேற் பிழைக்கவில்லை. மிகச் சிறந்த சுருள்விற் கடிகாரமோ ஒரு நாளுக்கே சில வினாடி பிழைப்பது. சில ஆண்டுகளுள் படிகக் கடிகாரத்தின் விலை சரிந்து, பள்ளி மாணவரும் வாங்கத்தக்க நிலையை அடைந்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலைசெய்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் அத்தொகை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறுகியது. தலைமுறை தலைமுறையாக அரம் பிடித்த குடும்பங்கள் தொழிலிழந்தன. நுண்கருவிகள் பழைய இரும்பின் விலைக்குப் போயின.

அந்நாளில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை நேயர்கள் கேட்டல் வேண்டும். லெ லொக்கிள் என்னும் மலைநகரில் அமைந்த செனித் நிறுவனம், 1969இல் 'எல் பிரிமேரோ' என்ற சீரிய பொறியொன்றை வெளியிட்டிருந்தது. மணிக்கு 36,000 அதிர்வு கொண்டு, தானே முறுக்கிக்கொண்டு, வினாடியின் பத்திலொரு பங்கை அளக்கவல்லது அது. அப்போது நிறுவனத்தின் உரிமை அமெரிக்க வானொலிக் கருவி நிறுவனமொன்றின் கையில் இருந்தது. அவர்கள் 1975இல் சுருள்விற் கடிகார உற்பத்தியை நிறுத்தி, கருவிகளை விற்றுவிடுமாறு கட்டளையிட்டனர். ஷார்ள் வேர்மோ என்னும் தொழிலாளர் அதற்கு உடன்படவில்லை. அவர் விடுத்த வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை. என் செய்தார்? அச்சுகளையும் வெட்டுக்கருவிகளையும் ஒவ்வொன்றாகக் கூரையடி அறையொன்றுக்குக் கொண்டுசென்று மறைத்து, அவற்றின் பயனையும் செய்முறையையும் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1984இல் அப்பொறி மீண்டும் வேண்டப்பட்டபோது, யாவும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. 1988இல் றோலெக்ஸ் நிறுவனமும் தன் புகழ்பெற்ற கடிகாரமொன்றுக்கு அப்பொறியையே திருத்தி எடுத்துக்கொண்டது. ஏட்டுச் சுவடிகள் செல்லரித்து அழியும் வேளையில் அவற்றைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தோரின் அருமையை அறிந்தவர் நாம். ஆதலால், அந்தக் கூரையடி அறையின் பெருமையை நம்மால் நன்குணர முடியும். ஒரு கைவினை அழிவதற்கு ஒரு தலைமுறை போதும். அதைக் காப்பதற்குச் சில வேளைகளில் ஒரு மனிதர் போதும்.

துல்லியத்தில் தோற்ற சுருள்விற் கடிகாரம் அழியவில்லை. தேவைப் பொருளாயிருந்த நிலை நீங்கி, விரும்பி வாங்கும் ஆடம்பரப் பொருளாயிற்று. இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரிடத்தும் மிகச் சரியான நேரம் உண்டு. அவ்வாறாயின் நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகளைப் பொருத்திய, நாள்தோறும் முறுக்கவேண்டிய, சில வினாடி பிழைக்கும் பொருளொன்றுக்கு ஏன் பெரும் பணம் கொடுக்க வேண்டும் என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல வினாவே. அச்சு நூல் மலிந்த பின்னும் அழகிய கையெழுத்தைக் கண்டால் நாம் நின்று பார்க்கின்றோம். கடிகாரத்தின் முதுகைத் திறந்து, சமநிலைச் சக்கரம் மூச்சுவிடுவதுபோல் அங்குமிங்கும் அசைவதைக் கண்டவருக்கு விடை தானே விளங்கும். மனிதர் கை செய்த வேலையை மனிதர் கண் விரும்புகின்றது.

ஆயினும், அழகிய பொருளின் பின்னே யாருடைய இழப்பு உள்ளது என்று கேட்பதும் நம் கடன். இரேடியம் பூசிய பெண்களின் கதையைக் கூறினேன். தோலுக்கும் அத்தகைய கதையுண்டு. பாலாற்றங்கரைத் தோற்சாலைகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. குடிநீர் இழந்த மக்களின் முறையீட்டின்மேல் இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. அளவின்றி வேட்டையாடப்பட்ட அமெரிக்க முதலையோ 1967இல் அழியும் இனமென அறிவிக்கப்பட்டது. காப்புச் சட்டங்களால் மீண்டு, 1987இல் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. அருகிவரும் உயிரினங்களின் தோல் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1975 முதல் நடைமுறையில் உள்ளது. இவை நமக்கு இரண்டு செய்திகளை உணர்த்துகின்றன. நுகர்வோரின் சுவை கேடு செய்யவும் வல்லது. சட்டமும் மனச்சான்றும் கூடினால் அக்கேட்டைத் திருத்தவும் முடியும். வாங்குமுன் இத்தோல் எங்கிருந்து வந்தது, எவ்வாறு பதனிடப்பட்டது என்று கேட்கும் பழக்கம் நம்மவரிடையே பரவுமாயின் நன்று.

மற்றொன்றும் சொல்லத் தகும். ஆடம்பரக் கடிகாரத்தை அனுபவித்தல் வேறு. அதனைக் காட்டித் திரிதல் வேறு. விலையைப் பிறர் அறியவேண்டும் என்று அணிபவன் கடிகாரத்தைத் தான் பார்ப்பதில்லை; பிறர் பார்க்கின்றனரா என்றே பார்க்கின்றான். பொறியின் வரலாற்றையும் தோலின் இயல்பையும் அறிந்து அணிபவனுக்கோ, தந்தையார் விட்டுச்சென்ற பழைய எஃகுக் கடிகாரமும் போதிய செல்வமே. தேய்ந்த வாரை நீக்கி, நல்ல கன்றுத்தோலில் புதிய வார் ஒன்றைப் பூட்டி, கம்மியரிடம் கொடுத்து எண்ணெயிட்டுவிட்டால், ஐம்பதாண்டு உறங்கிய கடிகாரமும் பெரும்பாலும் ஓடத் தொடங்கும். கடன்பட்டுப் புதியது வாங்குவதிலும் இதிலுள்ள இன்பம் குறைந்ததன்று.

கடிகாரமும் வாரும் சேர்ந்திருப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. எஃகும் பொன்னும் தலைமுறைகள் கடந்து வாழ்வன. தோலோ சில ஆண்டில் வியர்வையில் ஊறி, வெடித்து, கழிக்கப்படுவது. நிலையான பொருளை நிலையாத பொருள்தான் நம் உடலோடு பிணைத்து வைத்திருக்கின்றது. கடிகாரம் பொதுவான நேரத்தைக் காட்டும். அணிந்தவரின் கை அளவும், அவர் செய்த வேலையும், அவர் வாழ்ந்த வெயிலும் வாரிலே பதிந்திருக்கும். பழைய கடிகாரம் உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்குமாயின், அதன் வாரை எறிவதற்கு முன், எந்தத் துளையில் அது பூட்டப்பட்டு வந்தது என்று ஒருமுறை பாருங்கள். நீண்டு தேய்ந்த அந்தத் துளை, அதனை அணிந்தவரின் மணிக்கட்டு எத்துணைப் பருமன் என்பதை உங்களுக்குச் சொல்லும்.